அனுமதியுடன் போனவரும் அனுமதியின்றிப் போனவரும்

கியூபாவின் தென்கிழக்கில் கிரன்மா என்று ஒரு மாகாணம் இருக்கிறது. 1956 டிசம்பரில் பிடல் கஸ்ரோ, சே குவேரா உட்பட 82 பேரை மெக்சிக்கோவில் இருந்து ஏற்றிவந்து கரை சேர்த்த படகின் பெயரே பின்னாளில் அந்த மாகாணத்துக்குச் சூட்டப்பட்டது. அந்த மாகாணத்தின் பேஸ்போல் அணியில் 2000களின் பிற்பகுதியில் அருகருகே களத்தடுப்பில் நின்ற இரு வீரர்களைப் பற்றியதே இக்கட்டுரை. ஒருவர் யோனிஸ் செஸ்பெடெஸ். மற்றவர் அல்பிரெடோ டெஸ்பைனே. செஸ்பெடெஸ் 1985 ஒக்டோபரிலும் டெஸ்பைனே 1986 யூனிலும் பிறந்தவர்கள். எட்டு மாத வித்தியாசம். இருவரும் நாட்டுக்கு வெளியே சென்று பணத்துக்காக விளையாடினார்கள். ஒருவர் படகில் போனார். மற்றவர் அரசாங்கத்தின் அனுமதியுடன் விமானத்தில் போனார். இந்த ஒரு வித்தியாசத்தை வைத்துக்கொண்டு ஒருவரைத் துரோகி என்றும் மற்றவரைத் தேசபக்தர் என்றும் ஹவானாவிலும், ஒருவரைச் சுதந்திர வேட்கை கொண்டவர் என்றும் மற்றவரை அரசின் அடிமை என்றும் மியாமியிலும் பேசியவர்கள் பலர். இரு வகைப் பேச்சுக்களையும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பேஸ்போலுடன் பரிச்சயமில்லாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. எமது வாசகர்களில் பெரும்பாலானோர் கிரிக்கெட்டை அறிந்தவர்கள். எல்லைக்கோட்டை அண்டி நின்று உயரே எழும் பந்தை ஓடிப் பிடிப்பவர்களையும், அங்கிருந்து விக்கெட்டை நோக்கிப் பந்தை எறிபவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். பேஸ்போலில் அந்த வேலையைச் செய்வோர் மூவர். இடது, நடு, வலது புறக்களத் தடுப்பாளர்கள். அடிக்கும் திறமையும் இவர்களிடம் கூடுதலாகவே எதிர்பார்க்கப்படும். வேலிக்கு அப்பால் பந்தை அனுப்பினால் அது ஹோம் ரன். கிரிக்கெட்டின் ஆறு ஓட்டங்களுக்கு ஒப்பானது என்றாலும் அதைவிட மிக அரிதானது. ஒரு பருவகாலத்தில் முப்பது ஹோம் ரன்கள் அடித்தவர் பெரிய வீரர்.

2010-11 பருவகாலத்தில் செஸ்பெடெஸ் கியூபாவின் தேசியத் தொடரில் 33 ஹோம் ரன்கள் அடித்தார். ஹோசே அப்ரேயு என்ற வீரரும் அதே பருவகாலத்தில் 33 அடித்தார். அது அன்று சாதனை. அந்தச் சாதனைக்குரிய சில மாதங்களிலேயே, 2011 கோடையில், செஸ்பெடெஸ் தாயுடனும் உறவினர்களுடனும் வேகப்படகொன்றில் டொமினிக்கன் குடியரசுக்குச் சென்றுவிட்டார். அடுத்த பருவகாலத்தில் டெஸ்பைனே 36 ஹோம் ரன்கள் அடித்து அந்தச் சாதனையை முறியடித்தார். சக வீரர் போய்விட்ட அணியில் நின்று அவரது சாதனையைத் தாண்டியவருக்கு என்ன மனநிலை இருந்திருக்கும் என்று நான் யோசித்ததுண்டு.

டெஸ்பைனே அப்போது சாதாரணமான ஒரு வீரர் அல்ல. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெள்ளிப்பதக்கம் வென்ற அணியில் இடம்பெற்றவர். 2009 உலகக் கிண்ணப் போட்டியில் 11 ஹோம் ரன்கள் அடித்தவர். உயரம் குறைந்த, தடித்த உடல்வாகு. அந்த உடலில் இருந்து அவ்வளவு பலம் எப்படி வருகிறது என்று பார்ப்பவர்கள் வியப்பார்கள். கிரன்மா அணியை 'குதிரைகள்' என்று அழைப்பார்கள். டெஸ்பைனேயை 'குதிரைகளின் குதிரை' என்றார்கள். இத்தகைய ஒருவருக்கு அக்காலத்தில் கிடைத்த சம்பளம் ஒரு சாதாரண அரச ஊழியரின் சம்பளத்தைப் போன்றதே. 2013 செப்டெம்பரில் அரசாங்கம் விளையாட்டு வீரர்களின் சம்பளத்தை உயர்த்தியபோது பேஸ்போல் வீரருக்கு நிர்ணயிக்கப்பட்ட அடிப்படைத் தொகை மாதம் 1000 பெசோ. அது ஏறத்தாழ 40 டொலர்.

மறுபுறம், செஸ்பெடெஸுடன் 2012 பெப்ரவரியில் அமெரிக்காவின் ஓக்லண்ட் அத்லெற்றிக்ஸ் அணி செய்துகொண்ட ஒப்பந்தம் நான்கு ஆண்டுகளுக்கு 36 மில்லியன் டொலர். 2013 இலும் 2014 இலும் ஹோம் ரன் அடிக்கும் சிறப்புப் போட்டியில் அடுத்தடுத்து வெற்றி பெற்றார். பின்னர் பொஸ்டன், டெட்ரொயிட், நியூயோர்க் மெட்ஸ் என்று அணிகள் மாறின. 2015 இல் மெட்ஸ் அணி உலகத் தொடருக்குச் சென்றதில் அவரது துடுப்புக்குப் பெரும் பங்கிருந்தது. 2016 நவம்பரில் நான்கு ஆண்டுகளுக்கு 110 மில்லியன் டொலர். அதன் பிறகு காயங்கள். இரு குதிகால்களிலும் சத்திரசிகிச்சை, பிறகு தனது பண்ணையில் விழுந்து கணுக்காலில் முறிவு. 2020 ஓகஸ்டில் பருவகாலத்தின் நடுவில் விலகினார். அத்துடன் அவரது மேஜர் லீக் வாழ்க்கை முடிந்தது.

அந்த டொலர்களைச் சொல்பவர்கள் அந்தக் குடும்பம் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். செஸ்பெடெஸின் தாய் எஸ்தெலா மிலானெஸ் 2000 சிட்னி ஒலிம்பிக்கில் கியூபாவுக்காக சொஃப்ட்போல் விளையாடியவர். நாட்டின் கொடியைச் சுமந்த அந்தப் பெண்மணி 2012 இல் உறவினர்களுடன் டொமினிக்கன் குடியரசில் இருந்து படகில் புறப்பட்டு, டேர்க்ஸ் அன்ட் கைக்கோஸ் தீவுகளுக்கு அருகே ஆளரவமற்ற மணல் திட்டில் கைவிடப்பட்டு, அதிகாரிகளால் தடுத்து வைக்கப்பட்டு, 2013 இல்தான் மியாமியில் மகனிடம் சென்று சேர்ந்தார். மகன் மேஜர் லீக்கில் தனது முதல் பருவகாலத்தை முடித்தபோது தாய் கடலில் தத்தளித்துக்கொண்டிருந்தார்.

இந்த விபரீதம் எங்கிருந்து வந்தது? கியூபா 1961 இல் தொழில்முறை விளையாட்டை ஒழித்தது. விளையாட்டு மக்களின் உரிமை, விற்பனைப் பண்டம் அல்ல என்பது அதன் வாதம். அமெரிக்கா 1962 பெப்ரவரியில் வர்த்தகத் தடையைக் கொண்டுவந்தது. கியூபாவில் வசிக்கும் ஒருவருக்குச் சம்பளம் கொடுப்பது அந்த அரசாங்கத்துக்கு டொலர் கொடுப்பதாகும் என்பது அதன் வாதம். இரண்டும் சேர்ந்தபோது ஒரே கதவுக்கு இரு பக்கமும் பூட்டு விழுந்தது. அமெரிக்க அணியொன்றில் சேர விரும்பும் கியூப வீரர் முதலில் மூன்றாவது நாடொன்றில் வதிவிட உரிமை பெற்று, தனக்கும் கியூப அரசாங்கத்துக்கும் இனி எந்தத் தொடர்பும் இல்லை என்று அமெரிக்கத் திறைசேரிக்குக் காட்டியாக வேண்டியிருந்தது. அதாவது, விளையாட விரும்புபவரை நாட்டைத் துறக்கச் சொன்னது கியூபாவின் சட்டம் மாத்திரமல்ல. வொஷிங்டனின் சட்டமும் அதையேதான் கேட்டது. மியாமி வானொலிகளில் சுதந்திரம் பற்றி உரத்துப் பேசியவர்கள் இந்த இரண்டாவது பூட்டைப் பற்றிப் பேசியது குறைவு.

பத்திரிகைத் தொழிலில் சர்வதேசச் செய்திப் பக்கத்துடன் மாரடித்தவர்களுக்கு ஒரு சொல் எப்போதும் தலையிடி கொடுக்கும். நாட்டைவிட்டுச் சென்று திரும்பாத கியூப வீரரைப் பற்றி எழுதும்போது ஆங்கிலச் செய்தி முகவரகங்கள் 'டிஃபெக்ட்' என்ற சொல்லைப் பயன்படுத்துவது வழக்கம். போர் விமானத்தை ஓட்டிக்கொண்டு எதிரி நாட்டில் போய் இறங்கும் விமானிக்கும் அதே சொல்தான். கியூபாவின் பத்திரிகைகளோ 'குழுவைக் கைவிட்டார்' என்று எழுதும். தமிழில் 'தப்பியோடினார்' என்றால் அவர் ஒரு குற்றவாளி. 'தஞ்சம் புகுந்தார்' என்றால் அவர் ஓர் அரசியல்வாதி. 'கட்சி மாறினார்' என்றால் சிரிப்புத்தான் வரும். வேலை தேடி வேறு ஊருக்குப் போன ஒருவரைக் குறிக்க இவற்றில் ஒன்றுகூடப் பொருந்தாது. பந்தை வேலிக்கு அப்பால் அடிப்பதற்கு நல்ல சம்பளம் கிடைக்கும் இடத்துக்கு ஒருவர் போனார். அவ்வளவே.

அவ்வளவேதான் என்றாலும், அந்தப் பயணத்தில் கூடவே வந்தவர்கள் வேறு வகையானவர்கள். 2017 இல் மியாமி சமஷ்டி நீதிமன்றமொன்றில் கியூப வீரர்களைக் கடத்திவந்த குற்றத்துக்காக ஒரு முகவரும் ஒரு பயிற்றுநரும் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். அந்த வழக்கில் சாட்சியமளித்தவர்களில் ஒருவர், செஸ்பெடெஸுடன் 33 ஹோம் ரன்களைப் பகிர்ந்துகொண்ட அதே ஹோசே அப்ரேயு. 2013 இல் ஹெயிட்டியில் இருந்து மியாமிக்குப் பறந்த விமானத்தில், போலிக் கடவுச்சீட்டின் பக்கத்தைக் கிழித்து பியருடன் சேர்த்து விழுங்கியதாக அவர் நீதிமன்றத்தில் சொன்னார். சிக்காகோ வைட் சொக்ஸ் அணி அவருக்குக் கொடுக்கவிருந்தது 68 மில்லியன் டொலர். அந்த ஒப்பந்தத்துக்குப் போகும் வழியில் ஒரு மனிதர் காகிதத்தைத் தின்ன வேண்டியிருந்தது.

டெஸ்பைனே சென்ற பாதைக்கு வருவோம். 2013 இல் கியூப அரசாங்கத்தின் சம்மதத்துடனேயே மெக்சிக்கோவின் கம்பெச்சே அணிக்கு விளையாடச் சென்றார். அவ்வாண்டு செப்டெம்பரில் கியூபா தனது கொள்கையை முறைப்படி மாற்றியது. வீரர்கள் வெளிநாட்டு அணிகளுடன் ஒப்பந்தம் செய்யலாம். வரி செலுத்த வேண்டும். தேசியத் தொடருக்கு ஊர் திரும்ப வேண்டும். ஆனால், மெக்சிக்கோ லீக் அமெரிக்காவின் கீழ்மட்ட லீக்குகளின் சங்கத்துடன் பிணைக்கப்பட்டிருந்தது. அதனால் தடையின் நிழல் அங்கும் விழுந்தது. அவரது பெயரிலான டொமினிக்கன் கடவுச்சீட்டு ஒன்றைப் பற்றிக் கேள்வி எழுந்து, 2014 இல் அந்த அணியில் தொடர்ந்து விளையாட முடியாமல் போனது. சொந்த நாட்டின் முழு அனுமதியுடன் போனவரையும் கடவுச்சீட்டுப் பிரச்சினை விட்டுவைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அமெரிக்காவின் கை எட்டாத இடம் யப்பான். 2014 கோடையில் சிபா லொட்டே அணியில் சேர்ந்து 45 ஆட்டங்களில் 12 ஹோம் ரன்கள் அடித்தார். மூன்று பருவகாலங்களுக்குப் பின் 2017 இல் புக்குவொக்கா நகரின் சொஃப்ட்பேங்க் ஹோக்ஸ் அவரை எடுத்தது. அந்த ஆண்டு 35 ஹோம் ரன்கள், 103 ஓட்டங்கள் பெறக் காரணமான அடிகள். இரண்டிலும் பசுபிக் லீக்கில் முதலிடம். 2019 இல் 36. ஹோக்ஸ் 2017 தொடக்கம் 2020 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து யப்பான் தொடரை வென்றபோது அந்த அணியில் அவர் இருந்தார். யப்பானில் அவர் பெரும்பாலும் களத்தடுப்புக்கு இறங்காமல் அடிப்பதற்கு மாத்திரம் வரும் வீரராகவே பயன்படுத்தப்பட்டார். புறக்களத்தில் ஓடிய கால்களுக்கு ஓய்வு. சம்பளம் ஆண்டொன்றுக்குப் பல மில்லியன் டொலர் என்று பேசப்பட்டது. செஸ்பெடெஸ் நியூயோர்க்கில் பெற்றதுடன் ஒப்பிட்டால் அது சிறு தொகை. 40 டொலர் மாதச் சம்பளத்துடன் ஒப்பிட்டால் கற்பனைக்கு எட்டாதது.

இந்தப் பாதையில் என்னைக் கவர்ந்தது பணமல்ல, திரும்பி வருதல். யப்பானில் பருவகாலம் முடிந்ததும் அவர் கியூபாவுக்கு வந்து கிரன்மா அணிக்கு விளையாடினார். 2017 ஜனவரியில் கிரன்மா அணி தனது வரலாற்றில் முதற்தடவையாகத் தேசியத் தொடரை வென்றபோது டெஸ்பைனே அந்த அணியில் இருந்தார். அந்த மாகாணத் தலைநகர் பயாமோவின் மக்கள் தங்கள் வீரரைத் தொலைக்காட்சியில் அல்ல, தங்கள் மைதானத்தில் பார்த்தார்கள். செஸ்பெடெஸை அவர்கள் அப்படிப் பார்க்க முடியவில்லை. அனுமதியின்றிப் போனவர்கள் எட்டு ஆண்டுகளுக்கு நாடு திரும்ப முடியாது என்பது கியூபாவின் நடைமுறையாக இருந்தது. வீரரின் உச்சக்காலம் முழுவதையும் விழுங்கிவிடும் எட்டு ஆண்டுகள். இதை ஹவானாவின் மிகக் கொடூரமான செயல்களில் ஒன்றாகவே நான் கருதுகிறேன்.

டெஸ்பைனேயின் உழைப்பில் அரசாங்கம் பங்கு கேட்டது, ஆகவே அவர் ஏற்றுமதிப் பண்டம் என்ற விமர்சனத்தை ஒதுக்கிவிட முடியாது. எந்த நாட்டில் விளையாடுவது, எத்தனை மாதம் விளையாடுவது என்பதைத் தீர்மானிப்பதில் சம்மேளனத்தின் கை மேலோங்கியிருந்தது. உலகின் மிகச் சிறந்த பந்து எறிபவர்கள் திரளும் மேஜர் லீக்கில் அவர் எப்படி ஆடியிருப்பார் என்பதை எவராலும் இனி அறிய முடியாது. விளையாட்டு வீரருக்கு இது பெரிய இழப்பு. ஆனால், சிறுவயதில் இருந்து பாடசாலையிலும் மைதானத்திலும் ஒருவரை இலவசமாகப் பயிற்றுவித்த அமைப்பு அதற்கு ஒரு தொகை கேட்பதில் அநியாயம் இல்லை. கால்பந்தாட்டத்தில் இளம் வீரரைப் பயிற்றுவித்த கழகத்துக்கு இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று ஃபிபாவின் விதியே இருக்கிறது. 2006 இல் டைசுக்கே மட்சுசாக்கா என்ற யப்பானிய வீரருடன் பேசும் உரிமைக்கு மாத்திரம் பொஸ்டன் அணி சேய்பு அணிக்குச் செலுத்தியது 51 மில்லியன் டொலருக்கும் அதிகம். அதை எவரும் ஆள் விற்பனை என்று சொல்லவில்லை.

இதே ஏற்பாட்டைத்தான் 2018 டிசம்பர் 19 இல் மேஜர் லீக்கும் கியூப பேஸ்போல் சம்மேளனமும் கையெழுத்திட்ட உடன்படிக்கை கொண்டுவர முயன்றது. 25 வயதும் ஆறு ஆண்டு அனுபவமும் உள்ள வீரரைச் சம்மேளனம் விடுவித்தே ஆக வேண்டும். அமெரிக்க அணி சம்மேளனத்துக்கு விடுவிப்புக் கட்டணம் செலுத்தும். அது வீரரின் சம்பளத்தில் இருந்து வெட்டப்படாது. வீரர் விசாவுடன், குடும்பத்துடன் போகலாம், வரலாம். படகு வேண்டாம், போலிக் கடவுச்சீட்டு வேண்டாம். பராக் ஒபாமா 2016 மார்ச்சில் ஹவானா மைதானத்தில் ராவுல் கஸ்ரோவின் அருகில் அமர்ந்து ஆட்டம் பார்த்த நாட்களின் நல்லெண்ணம் விட்டுச்சென்ற கடைசிப் பயிர் அது. 2019 ஏப்ரிலில் கியூபா முதற்தொகுதி வீரர்களின் பெயர்களை வெளியிட்டது. சில நாட்களுக்குள் டிரம்ப் நிர்வாகம் உடன்படிக்கையை இரத்துச் செய்தது. சம்மேளனம் அரசாங்கத்தின் ஓர் அங்கம், ஆகவே அதற்குப் பணம் செலுத்துவது தடையை மீறுவது என்று காரணம் சொல்லப்பட்டது.

சம்மேளனம் அரசாங்கத்தின் அங்கம் என்பது உண்மைதான். கியூபாவில் எதுதான் அரசாங்கத்தின் அங்கமல்ல? கேட்க வேண்டிய கேள்வி வேறு. உடன்படிக்கை இரத்தானதால் நன்மை அடைந்தது யார்? கியூப அரசாங்கம் சில மில்லியன் டொலர்களை இழந்தது, வீழ்ந்துவிடவில்லை. வீரர்களுக்குச் சுதந்திரம் கிடைக்கவில்லை. வேகப்படகு வைத்திருந்தவர்களுக்கும் போலிக் கடவுச்சீட்டு அச்சிட்டவர்களுக்கும் தொழில் தொடர்ந்தது. உடன்படிக்கை இரத்தான அதே 2019 இல் செஸ்பெடெஸின் தந்தைவழித் தம்பியும் கிரன்மாவின் புறக்களத் தடுப்பாளருமான யோல்கி, அமெரிக்காவுக்கு விளையாடச் சென்ற கியூப அணியில் இருந்து விலகினார். 2021 இல் வைட் சொக்ஸ் அணி அவரை ஒப்பந்தம் செய்தது. 2021 செப்டெம்பரிலும் ஒக்டோபரிலும் மெக்சிக்கோவின் ஒப்ரெகோன் நகரில் நடைபெற்ற 23 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணப் போட்டிக்குச் சென்ற கியூப அணியில் ஏறத்தாழப் பாதிப்பேர் திரும்பிவரவில்லை. பயிற்றுநர்களுக்கு ஊர் திரும்பும் விமானத்தில் வெற்று ஆசனங்களை எண்ணுவதே வேலையாகிப் போனது.

2023 உலக பேஸ்போல் கிளாசிக் போட்டி இந்தக் கதையில் ஒரு விசித்திரமான இடம். அமெரிக்கத் திறைசேரி விசேட அனுமதி கொடுத்ததால், மேஜர் லீக்கில் விளையாடிக்கொண்டிருந்த யோவான் மொன்காடாவும் லூயிஸ் ரொபர்ட்டும் கியூபாவின் சீருடையை அணிந்தார்கள். அறிவிக்கப்பட்ட அணியில் டெஸ்பைனேயும் இருந்தார், செஸ்பெடெஸும் இருந்தார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் கிரன்மாவின் புறக்களத்தில் நின்ற இருவரின் பெயர்களும் ஒரே பட்டியலில். ஒருவர் உலகின் மறுகோடியில் இருந்தும் மற்றவர் கடலின் மறுகரையில் இருந்தும் வந்தவர்கள். தைவானில் முதற்சுற்றையும் டோக்கியோவில் காலிறுதியையும் கடந்து அரையிறுதிக்கு வந்த கியூபாவுக்கு மியாமியில் ஆட்டம். மார்ச் 19. எதிரணி அமெரிக்கா. மைதானத்துக்கு வெளியே புலம்பெயர்ந்த கியூபர்கள் ஆர்ப்பாட்டம் செய்தனர். உள்ளே பதாகைகளுடன் சிலர் களத்தில் குதித்தனர். தம் மண்ணின் வீரர்களுக்கு எதிராகக் கோஷமிட்டவர்களின் கோபத்தின் காரணம் எனக்கு விளங்காமல் இல்லை. சிறையும் இழப்பும் கண்ட குடும்பங்கள் அவை. ஆனாலும், அந்தக் கோபம் போய் விழுந்தது அரசாங்கத்தின் மீதல்ல, மட்டை பிடித்து நின்றவர்களின் மீது. கியூபா 14-2 என்ற கணக்கில் தோற்றது. மாற்றுப் பந்து எறிபவர்களுக்குப் பயிற்சியின்போது பந்து பிடித்துக் கொடுக்கும் வீரர் ஒருவர் அணியுடன் விமானம் ஏறவில்லை.

2022 பருவகாலத்துடன் டெஸ்பைனேயை விடுவித்திருந்த ஹோக்ஸ் அணி 2023 யூனில் அவரை மறுபடியும் அழைத்தது. அவருக்கு அப்போது வயது 37. யப்பானில் அதுவரை அவர் 180 க்கும் மேற்பட்ட ஹோம் ரன்கள் அடித்திருந்தார். திரும்பிச் சென்றபோது பழைய வேகம் இல்லை. ஒரு சில வாரங்களே முதல் அணியில் ஆட முடிந்தது. பருவகாலம் முடிந்ததும் எவருக்கும் தெரியாமல் போகவேண்டிய தேவையின்றி, கடவுச்சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஊருக்குப் போனார்.